துண்டுக்குள் பத்து வருஷம்

நான்: அந்தச் சொம்பக் கீழ வைங்க. டாக்டர் அளந்து குடுத்த தண்ணியில காலையிலேயே ரெண்டு டம்ளர் முடிச்சாச்சு.

அரியமுத்து: வாய் கொப்புளிக்கத்தான்டி எடுத்தேன்.

நான்: கொப்புளிச்சா தொண்டக்குழி ஏன் ஏறி எறங்குது?

கவியா: ஐயா... ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

அரியமுத்து: கேளு கவியா. காலேஜுலேருந்து இவ்ளோ தூரம் ஃபாரத்தத் தூக்கிட்டு வந்திருக்க. கிட்னி மெஷினுக்கு நாளைக்குத்தான் திருச்சி. இன்னிக்கு ராஜா நானு!

கவியா: இப்படியே வாரம் ரெண்டு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு பத்து வருஷம்... இல்ல, வியாதியே இல்லாம அதவிடக் கொறச்சலா. கொறஞ்சது எத்தன வருஷம் கெடச்சா மாத்திக்குவீங்க?

அரியமுத்து: அட, ஆடு மாத்துறாப்புல! செங்கமலம், இருவத்தஞ்சு வருஷம் சந்தையில தரகு பாத்தேன். இப்படி ஒரு உருப்படி வந்ததேயில்ல. பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?

கவியா: சிரிக்க வெக்காதீங்கய்யா... ஒம்பதுன்னா?

அரியமுத்து: வாயால வெல சொல்றவன் தரகனா? துண்ட எடு செங்கமலம். கைய உள்ள வுடு. எத்தன வெரல் புடிக்கிறனோ, அத்தன வருஷம்.

நான்: ஏங்க, புள்ள முன்னாடி... கூசுது, விடுங்க! இரு கவியா, இதெல்லாம் எதுக்குக் கேக்கற?

கவியா: கவர்மெண்டுல இன்சூரன்ஸ் கொண்டார்றதா பேச்சுக்கா. மெஷின் வைத்தியத்த அதுல சேக்கலாமான்னு பாக்கறாங்க. அந்தப் பத்து வருஷத்துக்கு மதிப்பில்லன்னு சனங்களே சொன்னா... சேக்காம விட்டாலும் விட்டுருவாங்க.

அரியமுத்து: புடிச்சாச்சு. சொல்லுடி.

நான்: இருங்க, எண்ணிக்கறேன்.

அரியமுத்து: வெல படியலையா?

நான்: பத்து. அஞ்சு வெரலையும் ரெண்டு தடவ புடிச்சாரு. ஒரு வருஷங்கூட விட்டுத் தர மாட்டாராம்.

கவியா: அப்படியாய்யா?

அரியமுத்து: ஏய்... ம். ஆமாமா. எழுதிக்க. இவகிட்ட பேரம் பேசி எவன் ஜெயிச்சான்!

*

கவியா: அக்கா... வாசல்லதான் சொன்னாங்க. எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது தடவையும் எல்லாரையும் கேக்கச் சொன்னாங்கன்னு வந்தேன்.

நான்: தை பொறந்து மூணாம் நாளு போய்ச் சேந்துட்டாரு. உக்காரு. இந்தா தண்ணி, நெறயக் குடி. இப்ப இந்த வூட்டுல அளவு கெடையாது.

கவியா: அன்னிக்கு என்ன சிரிப்பு சிரிச்சோம்...

நான்: அன்னிக்கு அவரு ஒத்த வெரலத்தான் புடிச்சாரு கவியா.

கவியா: ஒரு வருஷமா?

நான்: நீ போனப்புறம் கேட்டேன், ஒரே வருஷத்த வெச்சு என்ன பண்ணுவீங்கன்னு. "மொத நாளு வயிறு முட்டத் தண்ணி குடிப்பேன். மிச்ச நாளெல்லாம் உங்கூட சண்ட போடுவேன்"னாரு. பொரை ஏற ஏறச் சிரிச்சோம்.

கவியா: அப்ப... திருத்திரட்டுமாக்கா?

நான்: வேணாம். செவ்வாக்கெழம ரயில்ல அவரோட மெஷினுக்குப் போன நாலு பேரு இன்னும் போறாங்க. பத்துன்னே இருக்கட்டும்.