தணலரசி ஏன் போனாள்?

தலைமை நாற்காலியில் அமர்ந்து, என்னைப் பாதி பாராட்டி, மீதி பழித்து, பழித்த பாதியை மட்டும் பலத்த குரலில் பேசி முடித்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே! மருந்துக்கடை நடத்திக்கொண்டே மாதந்தோறும் இந்த மன்றத்தையும் நடத்தும் செயலாளர் அவர்களே! பார்வை மங்கினாலும் ஒரு பக்கமும் தாண்டாமல் படிக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, ஐந்தாம் பாகத்தின்மேல் உள்ள ஆத்திரத்தை மட்டும் அணைக்காமல் வந்திருக்கும் தாய்மார்களே! "இந்த அம்மா எப்படிச் சமாளிக்குதுன்னு பார்ப்போம்" என்று பின்சுவரில் சாய்ந்து கைகட்டி நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் தாழ்மையான, சற்றே தளர்ந்த வணக்கம்.

தளர்ந்த வணக்கம் என்றேன். ஏன் தளராது? 'தணல்கோட்டை' நெடுங்கதையின் ஐந்தாம் பாகம் வெளிவந்த நாள் முதலாக என்னை நலமா என்று கேட்டவர் யார்? பார்த்தவர் கேட்டார், பாதையில் மறித்தவர் கேட்டார், பக்கத்து வீட்டார் கேட்டார். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று. தணலரசி ஏன் போனாள்?

கதை தெரியாமல், கூட வந்தவரின் தொல்லை தாங்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தணலரசி, உள்ளங்கையில் நெருப்போடு பிறந்தவள். நாடிழந்தாள், நடையாய் நடந்தாள், பனியைக் கடந்தாள், பகையை வென்றாள். ஐந்து பாகம் போராடி அப்பனின் கோட்டையை மீட்டாள். முடிசூட்டு விழா. முரசு முழங்குகிறது. மூத்த தளபதி மணிமுடியை நீட்டுகிறார். அவள் வாங்கினாள். வாசற்படியில் வைத்தாள். பின்வாசல் வழியே போய்விட்டாள்.

அவ்வளவுதான். வந்தது வினை!

பல்வலி என்று போனேன். திறந்த வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு பல் மருத்துவர் கேட்கிறார்: "அவ ஏன் மேடம் போனா?" நான் என்ன பதில் சொல்ல? "ஆ" என்றேன். "இதே பதிலைத்தான் புத்தகத்துலயும் எழுதியிருக்கீங்க" என்றார். என் நாத்தனார் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். சிரிக்காதீர்கள் ஐயா, அவர் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார்.

பதிப்பாளர் நயமாகச் சொன்னார், "ஆறாம் பாகத்துல அவளைத் திரும்பக் கூட்டிட்டு வந்துருங்க. ஊரே கேக்குது." மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன். அவள் திரும்பிவரும் அத்தியாயத்தை எழுதவும் தொடங்கினேன். எழுத எழுதக் கை கனத்தது.

அந்த நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் யாரோ என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். நடுவயதுக்காரர் ஒருவர், தோளில் கருவிப்பை, முகத்தில் கடுகடுப்பு.

"நீங்கதானே அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"தணலரசியை வீணாக்கின அம்மா."

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையின் இரைச்சலில் உட்கார்ந்து ஐந்து பாகத்தையும் படித்தவர். கருவிப்பையைத் திறந்தார். உள்ளே ஸ்பேனரும் இல்லை, திருப்புளியும் இல்லை. என் புத்தகங்கள். ஒவ்வொன்றாக என் வாசலில் அடுக்கினார்.

"இது எங்க வீட்ல இருக்க வேணாம் மேடம். நீங்களே வச்சுக்குங்க."

"என்னங்க ஆச்சு?"

"என் வீட்டுக்காரி பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். எத்தனையோ வருஷம் மாடா உழைச்சா. போன மாசம் தலைமை நர்ஸ் ஆக்கினாங்க. ஆக்கின வாரமே, வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கறா! கைக்கு வந்ததை யாராவது வாசல்ல வச்சுட்டு வருவாங்களா? எங்கேருந்து வந்தது இந்தப் புத்தி? எல்லாம் உங்க அஞ்சாம் பாகம் பண்ண வேலை!"

அவையோரே! எத்தனையோ வசவு வாங்கியவள் நான். 'அவசரமாக எழுதினாய்' என்றார்கள், தாங்கினேன். 'அறிவிருக்கிறதா' என்றார்கள், தாங்கினேன். இந்த மனிதர் சொன்னதைத் தாங்க முடியவில்லை. நான் கற்பனையில் ஒருத்தியை நடக்கவிட்டேன். அதைப் பார்த்து நிஜத்தில் ஒருத்தி நடந்துவிட்டாளா? ஒரு குடும்பத்தின் குறுக்கே என் கதை விழுந்துவிட்டதா? பயந்துபோனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் இல்லாத கட்டடம். மெக்கானிக் எனக்கு முன்னால் மூச்சு வாங்க ஏறினார். கதவைத் திறந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"ஆஸ்பத்திரியிலேருந்தா? நான்தான் வரமாட்டேன்னு சொல்லிட்டேனே."

"இல்ல, இவங்கதான் தணல்கோட்டை எழுதின மேடம்" என்றார் கணவர்.

"ஐயையோ! அவங்க வீடு வரைக்கும் போயிட்டீங்களா?" அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "வாங்க மேடம், உள்ள வாங்க."

துவைத்த துணி பாதி மடித்தபடி சோபாவில் கிடந்தது. அதை ஒதுக்கி எனக்கு இடம் தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "என் புத்தகத்தைப் படிச்சுட்டா வேலையை விட்டீங்க?" என்று கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நான் ரெண்டாம் பாகத்தையே தாண்டலை. குதிரைப் படை வர்ற இடத்துல தூங்கிப்போயிருவேன்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நானும் சிரித்தேன். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு விட்டே?" என்றார்.

அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல், மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தினம் சாப்பிட உக்காந்தா இவருக்கு இதே பேச்சு மேடம். 'அவ ஏன் போனா? என்ன குறை அவளுக்கு? அத்தனை பேர் சுத்தி இருந்தாங்களே, ஒருத்தராவது என்னம்மா ஆச்சுன்னு கேக்கக் கூடாதா?' எதிர்ல நானும் தட்டு வச்சு உக்காந்துட்டுத்தான் இருந்தேன். தட்டுல சோறு அப்படியே இருக்கும். அதை இவர் பார்த்ததில்லை."

அந்த அம்மாள் இன்னொரு துணியை எடுத்தார். அவர் தொடர்ந்தார்.

"ரொம்ப நாளா எனக்கு நோயாளிங்க பேரு நிக்கலை மேடம். படுக்கை நம்பரைத்தான் சொல்லிக் கூப்பிடுவேன். ஒருநாள் ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சு, 'எனக்குப் பேரு இருக்கும்மா'ன்னார். கோவமாக் கூடச் சொல்லலை. நான் பேரைப் பார்த்து வச்சுக்கிட்டேன். மறுநாள் போறேன், மறுபடியும் நம்பர்தான் வாயில வருது. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லைன்னு. அந்த நேரம் பார்த்துப் பதவியைக் குடுத்தாங்க. எல்லாரும் கை குடுத்தாங்க. எனக்கு அழுகைதான் வந்தது."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நீங்க அவளைப் பத்தியில்ல கேட்டுட்டிருந்தீங்க."

நண்பர்களே, எத்தனையோ போர்க்களம் எழுதியிருக்கிறேன். இப்படி ஓர் அடி விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் வெறும் கருவிப்பையோடு தரையில் உட்கார்ந்தார். "சரி, இப்பக் கேக்கறேன். சொல்லு" என்றார். அந்த அம்மாள் சொன்னார். முதலில் ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு நிறுத்தவே முடியாமல். நான் இருப்பதை இருவருமே மறந்துபோனார்கள். எழுந்து, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தேன். வீட்டுக்குப் போய், தணலரசி திரும்பிவரும் அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன்.

பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்த அம்மாள் பல வாரம் வீட்டில் இருந்தார். தூங்கினார், எழுந்தார், மறுபடி தூங்கினார். கணவர் சமையல் கற்றுக்கொண்டார், கருக்கவும் கற்றுக்கொண்டார். இப்போது அந்த அம்மாள் ஒரு சின்ன மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைத் தட்டி, பிறகுதான் ஊசி. மெக்கானிக் தன் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். "இப்பவும் சொல்றேன் மேடம், அவ போனது தப்புதான்" என்றார். அவர் சமாதானமாகவில்லை. ஆகவும் வேண்டாம்!

என்ன தம்பி? "அப்போ கோட்டையை யார் காப்பாத்துவா?" நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. போனவளால் தவித்தவர்களும் உண்டு; அந்தத் தவிப்பையும் எழுதுவேன். அந்த ஆஸ்பத்திரியிலும் அடுத்த நாள் யாரோ இரட்டை வேலை பார்த்திருப்பார்கள். அவர்களை நான் மறக்கவில்லை.

ஆனால் உங்களைக் கேட்கிறேன். எரிகிறவரை விளக்கென்பீர்கள், அணைந்தால் குற்றமென்பீர்கள், நடுவில் எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? வென்றவளை வாழ்த்தினீர்கள், அவள் விழி சிவந்ததைப் பார்த்தீர்களா? முடி கொடுத்தீர்கள், மூச்சுவிட இடம் கொடுத்தீர்களா? காகிதத்தில் போனவளுக்காக இத்தனை கண்ணீர், இத்தனை கோபம், இத்தனை கேள்வி! அதில் ஒரு கேள்வியை, ஒரே ஒரு கேள்வியை, இன்று சாப்பிட உட்காரும்போது எதிரில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

என்னைத் திட்டுவதை விட்டுவிடாதீர்கள். நேசிக்கிறவர்கள்தான் திட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பதிப்பாளர் அவர்களே, மன்னியுங்கள், மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் பாகத்தில் கோட்டை இருக்கும். போர் இருக்கும். புதிய காவலும் வரும். தணலரசி வரமாட்டாள். மலைக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு வீட்டில், கையிலிருந்த நெருப்பு ஆறி, அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பாதீர்கள்.

எதிர்க்க வந்தும் இறுதிவரை இருந்து கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.