ஐந்து வரன், ஒரே விலாசம்

ஃபாக்ஸ்புரோ என்ற கணினி மொழியில் நிரல் எழுதும்போது ஒரு வரி விட்டுப்போவது யாருக்கும் நேரக்கூடியதுதான், அண்ணாச்சி. எனக்கு அப்படி நேரவில்லை. நானேதான் எடுத்தேன்.

நீங்கள் நடத்தும் நம் வரன் தகவல் நிலையத்தில் கணினி செய்வது எளிய வேலை. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைப் பட்டியலின் உச்சியில் தொடங்கி ஒவ்வொருவராகப் பார்க்கும். நட்சத்திரம் பொருந்தினால் பெயரைக் கடிதத்தில் அச்சடிக்கும். பிறகு 'ஸ்கிப்' என்று ஒரு வரி. அதுதான் அடுத்த மாப்பிள்ளையிடம் அதை நகர்த்துவது. ஐந்து பேர் சேர்ந்ததும் அடுத்த பெண்.

பட்டியலில் முதல் ஆள் நான். தொண்ணூற்று நாலில் நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு மாப்பிள்ளை தேவைப்பட்டான். 'சிவகணேஷ், தச்சநல்லூர், எல்லா நட்சத்திரத்துக்கும் பொருந்தும்' என்று அடித்தேன். சோதனை முடிந்ததும் மறைத்து வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை.

போன மார்கழியில் மதுமதியின் அப்பா வந்து மகள் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த நாற்காலியில் தட்டச்சு செய்கிற அதே மதுமதிதான். தன் விவரத்தைத் தானே அடித்தாள். தை பிறந்தால் அவள் வீட்டுக்கு ஐந்து மாப்பிள்ளைகளின் பெயர் போகும். அவர்களில் ஒருவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

நான் பதறவில்லை. மறைத்த பதிவை மீட்டேன், ஸ்கிப்பை எடுத்தேன். அவள் ஒருத்திக்கு மட்டும் அப்படிக் கடிதம் போனால் சந்தேகம் வரும். ஆகவே முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

பொங்கல் கழிந்ததும் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சீவலப்பேரிப் பேருந்தில் ஒரே நாளில் நான்கு குடும்பம். ஆழ்வார்திருநகரியிலிருந்து வேன். எங்கள் தெருவில் ரவை கிடைக்காமல் போகும்வரை அம்மா கேசரி கிண்டினாள். ஒரு பெரியவர் கடிதத்தை நீட்டிக் கேட்டார்.

"என்ன தம்பி, அஞ்சு மாப்பிள்ளன்னு போட்டிருக்கு, அஞ்சும் நீருதானா? பொறவு நாங்க யாரத்தான் வேண்டாம்னு சொல்லுதது?"

தை முகூர்த்தங்கள் அத்தனையும் அப்படிக் கழிந்தன. அதற்கு வருந்துகிறேன். கேசரியை யாரும் குறை சொல்லவில்லை.

நீங்களும் கேட்டீர்கள்: "ஏலே, மிஷினுக்கு ஒம் மேல என்னலே அம்புட்டுப் பிரியம்?" வைரஸ் என்றேன். நீங்கள் கணினிக்குத் திருநீறு பூசினீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள்.

கண்டுபிடித்தது மதுமதி. நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஸ்கிப்ப எடுத்தது நீங்கதான? அடுத்த நாக்காலியில இருக்கேன். வாயத் தொறந்து கேக்கத் தெரியல, ஊரெல்லாம் கடுதாசி போடத் தெரியுதாக்கும். முந்நூத்திப் பன்னெண்டுல ஒருத்தியா நான்?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. அவளுடைய வருத்தமெல்லாம் மற்ற முந்நூற்றுப் பதினோரு பேர்தான்.

ஆகவே நேற்று மத்தியானம் நிரலைத் திருத்தினேன். பெண்கள் பட்டியலை அவள் பெயரில் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்த பெண்ணிடம் நகர்த்துகிற ஸ்கிப்பையும் எடுத்துவிட்டேன். இனி அது வேறொரு பெண்ணிடம் போகாது. நிற்காமல் ஓடியது, தாள் தீர்ந்ததும்தான் ஓய்ந்தது. இருநூற்று நாற்பது கடிதங்கள், எல்லாம் அவள் அப்பா பெயருக்கு. இன்று காலைத் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி அவளுக்கு ஒரு குறையும் இருக்காது.