ஒரே மாவட்டமாக இருந்தால் மட்டும்

என் பெயர் கனகலக்ஷ்மி. வயது இருபத்தாறு. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கைலாசநாதன் என்பவரின் மகள். மைசூர் அக்ரஹாரத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். இதே ஊர் ஹெப்பாளில் மஞ்சுநாத் என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். 9.3.1998 திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை உடைத்ததாகக் காளியப்பன் மேல் மஞ்சுநாத் கொடுத்த புகார் தொடர்பாக விசாரித்ததில் நான் சொல்வதாவது. காளியப்பனுக்குக் கன்னடம் சரியாக வராது. நான் அவருக்கு எதிராகப் பேசவில்லை என்பதை அவர் காதால் கேட்க வேண்டும் என்பதால், இதைத் தமிழிலேயே எழுதி அவருக்கும் படித்துக்காட்டும்படி கேட்டேன். கொள்ளேகால்காரரான ஏட்டு வேலாயுதம் ஒப்புக்கொண்டு எழுதுகிறார்.

காணாமல் போனவர்களைப் பற்றி போலீஸ் ஸ்டேஷன்களில் பதிவான விவரங்கள் ஒரு பக்கம், பெயர் தெரியாமல் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்களின் விவரங்கள் இன்னொரு பக்கம், இரண்டையும் பொருத்திப் பார்த்து யார் யாராக இருக்கலாம் என்று கண்டுபிடிப்பது எங்கள் நிறுவனம் எடுத்திருந்த வேலை. விவரங்கள் பிளாப்பியில் வரும், நான் ஏற்றுவேன். ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் ஒப்பிட்டால் மெஷின் நாள்கணக்கில் ஓடும் என்பதால், மாவட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் ஒப்பிட வேண்டும் என்று மஞ்சுநாத் புரோகிராமில் ஒரு நிபந்தனை வைத்தார். அதன் பிறகு காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

காளியப்பன் ஹெப்பாளில் கட்டட வேலை செய்பவர், சொந்த ஊர் கொள்ளேகால் பக்கத்து ஹனூர். மைசூருக்கு பஸ் ஏறிய தன் மனைவி மாரக்காள் வந்து சேரவில்லை என்று ஹனூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் பிறகு அவர் போன இடத்திலெல்லாம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். பொங்கல் முதல், வேலை இல்லாத நாளெல்லாம் வந்தார். செருப்பை நாங்கள் எல்லாருமே வெளியில்தான் விடுவோம், அவர் துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். "உட்காருங்க, அது ஒண்ணும் சாமி இல்ல" என்பேன். நான் தட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று சொன்னால், "செரிங்க அம்மிணி, பொறவு வாரனுங்க" என்று போய்விடுவார்.

ஜனவரி கடைசியில் ஒரு பிளாப்பியை ஏற்றும்போது, மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கொள்ளேகாலை மைசூர் மாவட்டம் என்றே எழுதி வருவதைக் கவனித்தேன். போன வருடம் சாமராஜநகரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது கொள்ளேகாலும் ஹனூரும் அதோடு போய்விட்டன. ஸ்டேஷனில் புது மாவட்டத்தை எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரியில் பழைய பழக்கம் போகவில்லை. அப்படியானால் இந்த இரண்டையும் எங்கள் புரோகிராம் ஒப்பிடவே ஒப்பிடாது. உடனே மஞ்சுநாத்திடம் சொல்லி, காளியப்பன் மனைவி ஒருத்திக்காவது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டுத் தேடலாம் என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்ற அர்த்தத்தில் "நாளெ நோடோணா" என்றார். மாற்றுவதற்கான பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் நாளைதான். ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் தேட முடியாது. நான் சம்பளத்துக்கு இருப்பவள், அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை காளியப்பன் வந்து நின்றபோது, மஞ்சுநாத் என்ன நினைத்தாரோ, நிபந்தனையை எடுத்துக் கொடுத்துவிட்டு போன் பேச உள்ளே போனார். ஒருத்தியை மட்டும் தேடியதால் நான் தட்டிவிட்டு நிமிர்வதற்குள் ஒரு வரி வந்துவிட்டது. நான் அதை உரக்கப் படித்தேன். மைசூர் ஆஸ்பத்திரி, பெயர் தெரியாத பெண், வண்டி மோதித் தலையில் அடி, கொள்ளேகால் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை, இடது கையில் பச்சை குத்திய தேள். "அவளேதானுங்க அம்மிணி" என்று அவர் சிரித்தார். அப்படிச் சிரித்தவரிடம் அந்த வரியின் கடைசிக் கட்டத்தையும் படிக்க வேண்டியிருந்தது. இறந்துவிட்டார், யாரும் வராததால் அடக்கம் செய்யப்பட்டார் என்று படித்தேன்.

அவர் அழவில்லை. "இதுல எதுங்க அவ?" என்று கேட்டார். நான் வரியைக் காட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தார். யாரும் கீபோர்டைத் தொடாமல் இருந்தால் எங்கள் ஸ்கிரீன் தானாகக் கறுத்துவிடும். அப்படிக் கறுத்தது. அவர் பதறிப்போய் மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, "காட்டுங்க அம்மிணி, இன்னொருக்கா காட்டுங்க" என்றார். நான் ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் வந்திருக்கும். என் கை எழவில்லை. மானிட்டர் சரிந்து கீழே விழுந்தது. சத்தம் கேட்டு வந்த மஞ்சுநாத் உடைந்ததை மட்டும்தான் பார்த்தார். காளியப்பன் வேண்டுமென்று உடைக்கவில்லை.

இன்னும் ஒன்று. அந்தக் கட்டத்தில் இறந்த தேதியும் இருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள். பொங்கலிலிருந்து அதுவரை அவர் எங்கள் ஆபீசில் நின்ற நாளெல்லாம் அந்த அம்மாள் இதே மைசூரில் உயிரோடு இருந்திருக்கிறார். தேதியை நான் அவருக்குப் படிக்கவில்லை. அவருக்குப் படித்துக்காட்டும்போது இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடும்படி ஏட்டிடம் இப்போது கேட்டேன். எழுதியதில் எதையும் விட்டுப் படிக்க முடியாது என்றும், படித்துக்காட்டச் சொன்னதே நான்தான் என்றும் அவர் சொன்னார்.

மேலே உள்ளது முழுவதும் யாருடைய தூண்டுதலும் இன்றி நான் என் வாயால் சொன்னது, படிக்கக் கேட்டேன், எல்லாம் உண்மை.

ஒப்பம்: கனகலக்ஷ்மி
11.3.1998, மைசூர்

குறிப்பு: மேற்கண்ட வாக்குமூலம் காளியப்பனுக்குத் தமிழில் முழுவதும் படித்துக்காட்டப்பட்டது.
வேலாயுதம், ஏட்டு