எட்டாத குண்டுகளைச் சுட்டவர்

தலைமையேற்றிருக்கும் பாதிரியார் எச்செகாரே அவர்களே, மீனவர் சங்கத் தோழர்களே, படகு முதலாளிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மிரென் அண்ணி அவர்களே, உங்கள் அனைவர் முன்பும் தலைவணங்குகிறேன்.

மறைந்த பீரங்கி வீரர் யூலென் ஓலாபெ அவர்களைப் புகழ்ந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் புகழ்வேன்? அவர் சுட்டதில் ஒரு குண்டுகூட எதிரிமேல் படவில்லை. அதை மறைத்து வீரகதை சொன்னால் அவர் மனைவி மிரென் அண்ணியே எழுந்து போய்விடுவார்.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பாஸ்க் நாட்டுக்கு ஏது கடற்படை? மீன்பிடிக்கும் இழுவைப்படகுகளில் பழைய பீரங்கிகளைப் பொருத்தி, இதுதான் கடற்படை என்றார்கள். எங்கள் ‘கொய்ஸிஸார்’ அப்படிப்பட்ட படகு. அதில் வலை இழுத்துக்கொண்டிருந்த யூலென் அண்ணன் பீரங்கிக்காரர் ஆனார். நான் கொதிகலனுக்குக் கரி தள்ளினேன்.

அந்த மார்ச் மாதம் பில்பாவோவிலிருந்து குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு தபால் கப்பல் பிரெஞ்சுக் கரைக்குப் புறப்பட்டது. காவலுக்கு நாங்கள். மிரென் அண்ணியும் கைக்குழந்தை ஆந்தெரும் அந்தக் கப்பலில்தான் இருந்தார்கள். மதியம் மூடுபனி விலகியது. எதிரே, அரசை எதிர்த்துக் கிளம்பிய கலகப்படையின் பெரிய போர்க்கப்பல் நின்றது.

அதன் குண்டுகள் எங்கள் தலைக்கு மேலே பறந்தன. எங்கள் குண்டு பாதி வழியிலேயே தண்ணீரில் விழுந்தது. புகை மூட்டம் போடச் சொல்வதற்காகக் கேப்டன் இத்தூர்பே என்னை மேல்தளத்துக்குக் கூப்பிட்டிருந்தார். அதனால் என் காதாலேயே கேட்டேன். யூலென் அண்ணன் திரும்பிப் பார்த்து, “எட்டல கேப்டன்” என்றார்.

“தெரியும்டா. எட்டாட்டியும் சுடு. அவன் நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கட்டும். அதுக்குள்ள தபால் கப்பல்ல இருக்கவங்க தப்பிச்சுப் போயிடுவாங்க.”

சுட்டார். கேப்டன் குண்டடிபட்டு விழுந்த பிறகும் சுட்டார். கையில் தோல் உரிந்த பிறகும் சுட்டார். நான் கீழே போய் ஈரக்கரியும் எண்ணெய்த் துணியும் அள்ளிப் போட்டேன். புகை எழுந்தது, காற்று அதைக் கரைப்பக்கம் கொண்டுபோயிற்று. காற்றிடம் யார் போய் மன்றாடுவது?

படகு தீப்பிடித்ததும் குதித்தோம். தண்ணீரில் மிதந்தபடியே பார்த்தோம், தபால் கப்பலில் வெள்ளைக்கொடி ஏறியது. எங்களைப் பெர்மெயோ ஊர் மீனவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். கலகப்படையினர் அண்ணியைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை அங்கேயே காய்ச்சலில் போய்விட்டது. அது அண்ணனுக்குத் தெரிய வந்தபோது இரண்டு வருடம் கடந்திருந்தது.

பிறகு நாங்கள் பிரெஞ்சுக் கரைக்குத் தப்பி வந்தோம், விடுதலையான அண்ணியும் வந்துசேர்ந்தார். இந்தத் தோனிபானே துறைமுகத்தில் எல்லை தாண்டி வந்தவர்களையெல்லாம் யார் போய் வரவேற்றது? உலர்ந்த சட்டை கொடுத்தது யார்? படகு படகாக ஏறி அவர்களுக்கு வேலை கேட்டது யார்? எல்லாம் யூலென் ஓலாபெ!

ஒருமுறை வந்தவன் அதே போர்க்கப்பலில் கட்டாயத்தின் பேரில் வேலை பார்த்த மாலுமி. நாங்கள் அவனை விரட்டப் போனோம். அண்ணன் தடுத்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மீன் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அன்னிக்கு நாங்க சுட்டப்போ, உங்க ஆளுங்க எங்களத்தானே பாத்துக்கிட்டு இருந்தாங்க?”

அந்த மாலுமி ஸ்பூனைக் கீழே வைத்தான். “மன்னிச்சுக்கோங்கண்ணே. ஆரம்பத்துலேர்ந்தே எங்க கண்ணு தபால் கப்பல்மேலதான். உங்கள யாரும் பெருசா கண்டுக்கல.”

அண்ணன் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினார். மறுநாள் காலையில் அவனுக்காக வேலை கேட்டுப் படகுத்துறைக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.  

கடைசி வாரம் அண்ணனுக்கு நெஞ்சுச் சளியில் மூச்சு முட்டியது. வைத்தியர் கையை விரித்தார். அண்ணி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வேறென்ன செய்ய முடியும்? அப்போதும் அண்ணன் என்னிடம் கேட்டது, லெக்கெய்த்தியோ ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவரைப் பற்றித்தான்: “அந்த லெக்கெய்த்தியோக்காரனுக்கு வேல கெடச்சுதா, பெயோ?”

கிடைத்தது என்று பொய் சொன்னேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் உறுதி சொல்வது எளிது. முதலாளிகளே, அந்த லெக்கெய்த்தியோக்காரர் தன் மனைவி பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரோடு நான் வாசலில் நிற்பேன். யாரும் எங்களைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.