மற்றவர்கள் நீங்கலாக

காலையில் டீக்கு முன்னால் செய்தி பார்க்காவிட்டால் அன்றைக்கு எனக்கு வயிறே சரியிருக்காது. அதனால் என் போனை முதலில் வாங்கி வைத்தீர்களே இன்ஸ்பெக்டர் சார், சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் நான் மேனேஜர். எந்த வெடிக்குத் தடை, எங்கே ரெய்டு என்று முதலாளிக்குத் தினமும் சொல்ல வேண்டும். அதற்காக எல்லாப் பத்திரிகைச் செய்திகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும் ஒரு ஆப் வைத்திருந்தேன். கொட்டினால் போதுமா, சலிக்க வேண்டாமா? மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் சேர்ந்து வரும் செய்தி மட்டும் நிற்கும். ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள செய்தியெல்லாம் போய்விடும். தேடலைச் சேமித்து வைத்தால், புதிதாக எது வந்தாலும் போன் மணியடித்துச் சொல்லும். அந்தச் சுத்தம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ராக்கப்பன் எங்கள் போர்மேன். வெடிமருந்து கலக்குவது அவன் வேலை. கெட்டவன் இல்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். தீபாவளி சீசன், திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து லேபிள் அச்சாகி வந்து குவிந்து கிடந்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பெண்களை உட்கார வைத்திருந்தேன். அவன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, பொம்பளைக முட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒருத்தியும் வெளிய வர முடியாது. நீங்க மாத்தலைன்னா திங்கக்கெளம நானே ஆபீசரப் பாத்துச் சொல்லிருவேன்."

"சொல்லு. கம்பெனியப் பூட்டுவாக. அம்புட்டுப் பேரும் தெருவுல நிப்பீக."

"நின்னா நிப்போம். உசுரோட நிப்போம்ல."

கம்பெனியைப் பூட்டினால் அத்தனை குடும்பமும் பட்டினி. என் மேல் கேஸ் வேறு. ஒருத்தன் வாய்க்காக ஊரார் வயிறு காய வேண்டுமா? நியாயமாகத்தான் யோசித்தேன்.

பிறகு தேடினேன். "வெடி விபத்து" என்று மேற்கோள் குறிக்குள் போட்டதும் வந்துகொண்டே இருந்தன. எதைத் திறந்தாலும் மருந்து கலக்கும்போது உராய்வு என்றே இருந்தது. கழித்தல் குறி போட்டு 'உராய்வு' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன். பக்கம் காலியாகிவிட்டது. என் சல்லடையில் வேறு காரணம் எதுவும் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் மனசு லேசானது.

சனிக்கிழமை காலை, கலவை அறையில் இருக்கக் கூடாத ஒரு பொருளை அவன் கை படும் இடத்தில் வைத்தேன். அந்த அறையில் அவனைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள், பக்கத்து அறை பூட்டிக் கிடப்பது. போனால் அவன் ஒருவன்தான். அவ்வளவு பார்த்துத்தான் செய்தேன். முந்தின நாளே ஒரு தேடலையும் சேமித்திருந்தேன்: "வெடி விபத்து", தாயில்பட்டி, ராக்கப்பன். அப்போது அவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷம். நான் உங்களிடம் மாட்டியதும் அதனால்தான்.

ஆனால் ராக்கப்பன் அன்றைக்கு என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறான். நெருக்கடியான அறையிலிருந்து நாலு பேரைக் கிளப்பி, பக்கத்து அறையைத் திறந்து, காற்றாட உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கலக்கப் போயிருக்கிறான். இருளம்மாள், மாரிசெல்வி, பாண்டிச்செல்வி, அழகுமீனா. அவர்களை அங்கே வைத்தது அவன், நான் இல்லை.

சத்தம் கேட்டுப் போனேன். கலவை அறையும் இல்லை, ராக்கப்பனும் இல்லை. வேலிக் கம்பியில் ஒரு கை தொங்கியது. மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்ததால் அவன் கை என்று தெரிந்தது. பக்கத்து அறைச் சுவர் உள்ளே சரிந்திருந்தது. கல்லுக்கு அடியில் இருளம்மாளின் தலைமுடி எரிந்துகொண்டிருந்தது. அழகுமீனா மட்டும் தவழ்ந்து வெளியே வந்தாள். சேலை எது, தோல் எது என்று தெரியவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உள்ள மூணு பேரு கெடக்காக. போங்க அண்ணாச்சி."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். உரிந்த தோல் என் பேண்டில் ஒட்டிக்கொண்டது. தள்ளிப் போய் நின்று போனைப் பார்த்தேன். இன்னும் செய்தி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மணியடித்தது. 'பட்டாசு ஆலையில் வெடி விபத்து: போர்மேன் ராக்கப்பன் பலி. உராய்வே காரணம் எனத் தெரிகிறது.' நான் எதிர்பார்த்த மாதிரியே எழுதியிருந்தார்கள். ஆனால் போன் அதோடு நிற்கவில்லை. கல்லை அள்ளினார்கள், பெயர்கள் வந்தன. மறுநாள் ஆஸ்பத்திரியில் அழகுமீனாவும் போய்ச் சேர்ந்தாள். மணியடிக்கும்போதெல்லாம் அந்த நாலு பெயர். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சார். அதனால் நாலு பெயருக்கு முன்னாலும் கழித்தல் குறி போட்டேன். எல்லாம் போய், முதலில் வந்த அந்த ஒரு செய்தி மட்டும் நின்றது. தினமும் டீக்கு முன்னால் அதைத்தான் படித்தேன்.

ராக்கப்பனை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஐந்து கொலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள். போன் உங்களிடம்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள். இறந்தது ஒருவர்தான்.