அடோலே டீச்சருக்குப் புஸ்தகப் பெட்டி

எழுத்து கடைசியிலதான் வெட்டணும்னு எத்தன தடவ சொல்றது, செக்ரட்டரி ஐயா? சனிக்கிழமதான அடக்கம். இன்னிக்கு வியாழன். உக்காருங்க. அய்யய்யோ, அந்த மூடி மேல இல்ல.

நல்ல கமிட்டி ஐயா உங்க கமிட்டி! மீன் பிடிச்சவனுக்கு மீன் மாதிரி சவப்பெட்டி, பஸ் ஓட்டுனவனுக்கு பஸ் மாதிரி. நம்ம டெஷி ஊர்ல அதான் வழக்கம், சரி. அடோலே டீச்சருக்குப் புஸ்தகம்னு எந்த மேதாவி சொன்னது? பத்து வயசு வரைக்கும் எந்தப் பிள்ள கையிலயும் புஸ்தகமே குடுக்காத பொம்பள அது! வேப்ப மரத்தடியில ஒரு பள்ளிக்கூடம். பிரம்பு கெடையாது, பரீட்ச கெடையாது. வலை பின்னு, களிமண் பிசை, நண்டு எப்படி வளை தோண்டுதுன்னு போய்ப் பாரு. எழுத்து தானாப் பசிக்கும், அப்பத் தரேன்னு சொல்லும். பசிக்குமாம்! எழுத்து என்ன திங்கிற கென்கே மாவுருண்டையா?

எனக்கு எப்படித் தெரியும்னா? மூணு வருஷம் அங்கதான கெடந்தேன். வெள்ளக்காரங்கள்லாம் வந்து எங்களப் போட்டோ புடிச்சுட்டுப் போனாங்க, ஏதோ அதிசயத்தக் கண்ட மாதிரி. ஏழு வயசுல என் கையில ரம்பத்தக் குடுத்துச்சு. இந்த மூலையத் தடவிப் பாருங்க. ஒரு ஆணி இருக்கா? அது சொல்லித் தந்ததுதான். அத நான் இல்லேங்கல.

எங்கப்பனுக்குத்தான் பொறும போச்சு. ஒம்பது வயசாச்சு, இன்னும் என்னடா நண்டப் பாத்துட்டு நிக்கிறன்னு காதப் புடிச்சு இழுத்துட்டு வந்து பட்டறையில விட்டான். பத்து வயசுக்கு நான் எங்க போவேன்?

போன வருஷம் டீச்சர் கோல ஊணிக்கிட்டு இங்கயே வந்துச்சு. லாட்டே, தப்பு என்னோடதுதான்டா, சாயங்காலம் வந்து என் பக்கத்துல உக்காருன்னு சொல்லுது. வேலையாளுங்க முன்னாடி! போம்மா, வேலையப் பாருன்னு வெரட்டிட்டேன். இன்னொரு தடவ வரும்னு நெனச்சேன். வரல.

பேரு எழுதின காகிதமா? இருக்கு, இருக்கு. நாலு நாளா ஆணி டப்பாவுலதான் கெடக்கு. எழுத்து வெட்டுற எம் மச்சான் குமாசிக்குப் போனவன் இன்னும் திரும்பல.

பசங்கள்லாம் சாப்பிடப் போய்ட்டானுங்களா? அந்தக் கதவச் சாத்துங்க. இந்தாங்க சாக்பீஸ். மூடி மேல அது பேரப் பெருசா எழுதுங்க, நான் கோட்டு மேலயே உளிய வச்சு வெட்டிர்றேன். பாத்து, தப்பா எழுதிடாதீங்க ஐயா. எழுதினாலும் எனக்குத் தெரியாது.