இலை தின்ற மூதாட்டியும் எட்டாம் எண் மூடியும்

ஆறு மாதமாக இலையன்றி வேறெதையும் இதழில் படவிடாத இரும்பு மனத்தவரே, இந்த அவையின் தலைவரே, தழையுணவுச் சங்கத்தின் தளராத தூணே! முதல் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைமை ஆய்வாளர் அம்மா அவர்களே! பல் போனாலும் சொல் போகாத பெரியோர்களே! பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கூட்டம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், சட்டைக்குள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும் என் கணவரே! தழையுணவுச் சங்க விழாவுக்குத் தன்னை எதற்கு அழைத்தார்கள் என்று விளங்காமல் கடைசி வரிசையில் விழித்துக்கொண்டிருக்கும் கறிக்கடை அண்ணன் அவர்களே! உங்கள் அனைவருக்கும், எலும்பு கழுவிப் பிழைக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

எனக்கு முன்னே பேசியவர்கள் என்னை வானளாவப் புகழ்ந்தார்கள். ஐயாயிரம் ஆண்டு உறங்கியவளை எழுப்பியவள் என்றார்கள். முதன்முதலாய் மண்ணைக் கீறி விதை விதைத்த மூதாட்டி, விளைந்ததைக்கூட விலக்கி வெறும் இலை தின்றே வாழ்ந்தாள் என்று உலகுக்கு உரைத்தவள் என்றார்கள். அதோ அந்த மேசையில் எனக்காக ஒரு கேடயம் காத்திருக்கிறது. அதில் வெள்ளியில் ஓர் இலை. என் பின்னால் பாருங்கள், மூதாட்டியின் படம்! ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் ஒரு கட்டுக் கீரை. என்ன கம்பீரம்! என்ன கனிவு! என்ன கற்பனை!

ஏன் கற்பனை என்றேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிவிட்டால் நாளை எனக்கு வேலை இருக்குமா என்பது முதல் வரிசைக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டாலோ, உங்கள் கையிலிருக்கும் அழைப்பிதழின் கடைசி வரியைப் படியுங்கள். "நாளை முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் மதிய உணவு மூதாட்டி உணவே என்று தீர்மானம் நிறைவேற்றப்படும்." மூதாட்டி உணவு என்றால் என்ன? இலை! காலையில் இலை, மதியம் இலை, மாறுதலுக்கு மறுபடியும் இலை! நாம் வளர்ந்துவிட்டோம், வாடினால் போகிறது. வளர்கிற பிள்ளை வாடலாமா?

சரி, எலும்பு எப்படிப் பேசுகிறது என்று முதலில் கேளுங்கள். நாம் தின்பதெல்லாம் எலும்பில் தடம் வைக்கும். தானியத்துக்கு ஒரு தடம், தழைக்கு ஒரு தடம். கறியும் பாலும் அதிகமானால், கனமான நைட்ரஜன் ஒரு படி கூடும். பழைய எலும்பில் ஒரு துண்டை எடுத்து, மெல்லிய அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்தால், எலும்பிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, நார் மட்டும் நிற்கும். அதைக் காயவைத்து, எறும்பு கொண்டுபோகும் அளவு எடுத்து, எந்திரத்தில் எரித்தால் கணக்கு வந்துவிடும்.

என்ன, கறிக்கடை அண்ணே? வாசனை வருமா என்கிறீர்களா? வரும், வரும். என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். கல்யாணமான புதிதில் நான் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றவர் அவர்.

தராசு சரியா என்று பார்க்க, எடை தெரிந்த கல்லை வைப்போம் அல்லவா? அதுபோல, பழைய எலும்போடு கூடவே ஒரு புது ஆட்டெலும்பையும் போடுவது எங்கள் வழக்கம். ஆடு என்ன தின்னும் என்று அகிலத்துக்கே தெரியும். ஆட்டுக்குத் தழை என்று எந்திரம் சொன்னால், எந்திரம் சரி. அந்த ஆட்டுக்காலை நான் வாங்கியது, கடைசி வரிசையில் இருக்கும் அண்ணன் கடையில்.

ஏழாம் குப்பியில் மூதாட்டி. எட்டாம் குப்பியில் ஆடு. எண்ணை எங்கே எழுத வேண்டும்? குப்பியின் உடம்பில் எழுத வேண்டும். இந்தப் புத்திசாலி எங்கே எழுதினாள்? மூடியில் எழுதினாள்! மூடி வழவழப்பாக இருந்தது, எழுத்து அழகாக வந்தது, எழுதினாள். பிறகு ஒரு நாள், மூடியெல்லாம் அழுக்காக இருக்கிறதே என்று மொத்தமாகக் கழற்றினாள். கழுவினாள். துடைத்தாள். திரும்ப மாட்டினாள்.

பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மா, நீங்கள் வாயில் கை வைக்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் உப்பு டப்பா மூடியையும் சர்க்கரை டப்பா மூடியையும் கழுவி, மாற்றி மாட்டியிருப்பீர்கள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை!

எந்திரம் கணக்குச் சொன்னது. மூதாட்டி: தழை, தழை, தழையைத் தவிர வேறில்லை. ஆடு: நிறையத் தானியம், கொஞ்சம் பருப்பு, அவ்வப்போது கறி!

ஆடு கறி தின்னுமா? அவையோரே, ஆடு கறி தின்னுமா? அங்கேயாவது நான் விழித்திருக்க வேண்டாமா? விழிக்கவில்லை. நேரே கறிக்கடைக்குப் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்க கொடுத்த ஆடு கறி சாப்பிடுமா?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "ஏம்மா, காலையிலேயே வம்பா? நான் ஆட்டை வெட்டுறவன். அது என்ன சாப்பிட்டுச்சுன்னு விருந்தா வச்சுப் பார்த்தேன்?"

"ஏதாவது புதுசா தின்னுச்சான்னு சொல்லுங்கண்ணே."

"அது எதைத்தான் விட்டுச்சு? சுவரொட்டியைத் தின்னும். என் பொண்டாட்டி காயப்போட்ட துண்டைத் தின்னுச்சு. ஓட்டல் பின்பக்கம் போய்க் கொட்டினதையெல்லாம் மேயும். கறியும் கிடந்திருக்கும், யாரு கண்டா!"

போதும் என்று வந்துவிட்டேன். நாக்கு நீண்ட ஆடு என்று ஒரு குறிப்பு எழுதி, கோப்பை மூடிவிட்டேன். ஆட்டின் மேல் பழியைப் போட்டால் அது திரும்பி வந்து கேட்கவா போகிறது? அப்புறம் நாளிதழ் வந்தது. சங்கம் வந்தது. தலைவர் வந்தார். ஊரே இலைக்கு மாறியது. என் கணவர் சங்கத்தில் உறுப்பினர். ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்டார்: "நீ எலும்பு கழுவுறவளா, இல்ல என் எலும்பை எண்ணுறவளா? இப்ப எண்ணிக்கோ, எல்லாம் வெளியிலேயே தெரியுது!"

சிரியுங்கள், சிரியுங்கள். அவரும் சிரிக்கிறார், ஆனால் சத்தம் வரவில்லை, தெம்பில்லை.

மூன்று நாளுக்கு முன்னால், அதே மூதாட்டியின் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். பல், குழந்தை பிறந்ததுமே தாடைக்குள் உருவாகத் தொடங்கி அடுக்கடுக்காய் வளரும். ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வயது. எரித்துப் பார்த்தால், தானியம் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, கறி இருக்கிறது. எலும்பு இலை என்கிறது, பல்லோ பந்தி என்கிறது! ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு வாய்? மறுபடி எலும்பை எடுத்தேன். இந்த முறை உடம்பில் எண் எழுதினேன். கணக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆடு என்று நான் எழுதிவைத்த அதே கணக்கு, புள்ளி பிசகாமல்!

ஆம், அவையோரே! ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிதனையே கடித்த கதையாகிவிட்டது. நீங்கள் ஆறு மாதமாய் வணங்கிய மூதாட்டி, ஒரு வெள்ளாடு! நீங்கள் தின்ற இலை, ஓர் ஆட்டின் அன்றாடச் சாப்பாடு!

உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள், இன்னும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மாட்டேன். எலும்புக்கு ஒரு துண்டு போதும். ஆனால் அன்று நான் வாங்கியதோ முழுக்கால். மீதிக் கறியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்தேன். ஆகவே, உங்கள் மூதாட்டியை, நானும் என் கணவரும் என் இரு பிள்ளைகளும், அன்று மாலையே சாப்பிட்டுவிட்டோம். ருசியாகவே இருந்தது. மன்னியுங்கள்!

இன்று காலை தலைமை ஆய்வாளர் அம்மாவிடம் போய் நின்று அழுதேன். அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆடு கறி தின்னுச்சுன்னு நீ எழுதின காகிதத்துல கீழ கையெழுத்துப் போட்டவ நான். எனக்கு உன்னைவிட வெட்கம். ஆனா மூடியில எழுதினது நீ. மேடையில நீயே சொல்லு. நான் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்." அம்மா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் தைரியத்தில்தான் நான் இங்கே நின்று பேசுகிறேன்.

இனி நிஜமான மூதாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். படத்தில் இருப்பவள் இல்லை, பல்லில் இருப்பவள். அவளுடைய பல்லின் முதல் அடுக்குகளில் தானியம் இல்லை, தழை இல்லை, கறியும் இல்லை. கனமான நைட்ரஜன் கூடி நிற்கிறது. அது தாய்ப்பால்! ஏறக்குறைய மூன்று வயது வரை தாய்ப்பால்! அதன்பின் கூழ் கலந்து, பருப்பு கலந்து, கிடைத்தபோது கறியும் கலந்து, அடுக்கடுக்காய் வளர்ந்திருக்கிறாள். புதிதாய் விதைக்கக் கற்றுக்கொண்ட காலம். மழை வருமா, விளையுமா, ஒன்றும் தெரியாத காலம். அந்தக் காலத்தில் ஒருத்தி, களத்துக்கும் குழந்தைக்கும் நடுவே ஓடி ஓடி, மூன்று வருடம் பால் கொடுத்திருக்கிறாள். அவளுடைய எலும்பு நமக்குக் கிடைக்கவில்லை. அவள் முகம் தெரியாது, பேர் தெரியாது. அவள் கொடுத்த பால் மட்டும் மகளின் பல்லில் இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டாய் இருக்கிறது! அதைப் படித்தபோது, மறைக்காமல் சொல்கிறேன், எந்திரத்தின் முன்னால் நான் அழுதேன்.

தாய்மார்களே, அந்தத் தாய் தன் பிள்ளைக்கு எதை மறுத்தாள்? இருந்ததில் எதை ஒளித்தாள்? எதையுமே இல்லை! அவள் ஊட்டியதை நாம் நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவதா? அதுவும் ஒரு மூடியின் பேரால், என் சோம்பலின் பேரால் பிடுங்குவதா? இலை வேண்டும் என்பவர் விரும்பி உண்ணட்டும், வாழ்க! இலையும் இருக்கட்டும், பருப்பும் இருக்கட்டும், முட்டையும் இருக்கட்டும்! தீர்மானம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்!

அடேயப்பா! பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்குகிறார்களே! அண்ணே, நீங்கள் கத்தியைப் பைக்குள் வையுங்கள், வெறும் கை போதும். என் கணவரே, இறக்கலாம், எண்ணிவிட்டோம்.

தலைவர் என்னவோ என் காதில் சொல்கிறார்... ஐயா, ஒலிவாங்கி உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது, ஊருக்கே கேட்டுவிட்டது. ஆமாங்கையா. இன்றைக்கே முட்டை சாப்பிடலாம். இரண்டுகூடச் சாப்பிடலாம். அழாதீர்கள் ஐயா, ஆறு மாதம் போனால் போகிறது.

இந்தக் கேடயத்தை நான் வாங்கத் தகுதியில்லை. வாங்கத் தகுதியுள்ள ஆடோ, என் வீட்டில் நடந்த காரியத்தால் வர இயலாத நிலையில் உள்ளது. ஆகவே இதை எங்கள் கூடத்தில், குப்பிகள் அடுக்கும் அலமாரியின் மேல் வைக்கிறேன். கீழே எழுதி வைப்பேன்: "உடம்பில் எழுது."

என்னைத் திட்டாமல் கேட்டவர்களுக்கும், கேட்டபின் திட்டப்போகிறவர்களுக்கும், முன்வரிசையில் இப்போதுதான் சிரித்த என் தலைமை ஆய்வாளருக்கும், பால் கொடுத்த அந்தப் பேர் தெரியாத தாய்க்கும் நன்றி கூறி, பசித்த பிள்ளைகளை இனியும் காக்க வைக்காமல் விடைபெறுகிறேன். வணக்கம். எல்லோரும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுங்கள்!